செல்போனுக்குள் ஒரு சிக்கன அடுப்பு

பால் காய்ச்சச் சின்ன பர்னர், சாம்பாருக்குப் பெரிய பர்னர், கொதி வந்ததும் 'சிம்' என்று காஸை மிச்சம் பிடிப்பது நமக்குக் கைவந்த கலை. நம் செல்போனும் இதையேதான் செய்கிறது என்றால் நம்புவீர்களா?

இன்ஜினியரிங் படிக்கும் என் பெண்தான் விளக்கினாள். இன்றைய போன்களில் பெரும்பாலானவற்றின் மூளையான பிராஸசரில் சின்ன கோர், பெரிய கோர் என இரு வகை உண்டு. எந்த வேலையை எதில் போடுவது என்று தீர்மானிப்பது 'ஷெட்யூலர்'. ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸில், ஷெட்யூலரின் கணக்கை வைத்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை 2016-ல் சேர்ந்தது. எந்தக் கோரில் மின்சாரம் மிச்சமாகும் என்று பார்க்கும் முறை 2019-ல் வந்தது.

"வேகம் குறைஞ்சா வோல்டேஜையும் குறைக்கலாம்மா. வோல்டேஜ் பாதியானா, அதனாலேயே செலவு கால்வாசியாயிடும்" என்றாள். அடேயப்பா!

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

* ஆப்களை நிமிஷத்துக்கொரு தரம் தள்ளி மூடாதீர்கள். அடிக்கடி திறப்பதென்றால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதுதான் கூடுதல் செலவு. காய்ந்த தோசைக்கல்லை அணைத்து அணைத்துப் பற்ற வைப்போமா?

* பெரிய விளையாட்டுகள் பெரிய பர்னரை முழுத் தணலில் வைப்பவை. போன் சுட்டால், குழந்தையிடமிருந்து வாங்கி ஆற விடுங்கள். சூடு பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

* திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். இரவில் 'பாட்டரி சேவர்' போடுங்கள்.

நடுராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் என்றால் 108-ஐக் கூப்பிட, போனில் உயிர் இருக்க வேண்டுமே!