சித்திரை வெயிலும் எலுமிச்சை சர்பத்தும்

சித்திரை பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் எந்த மருத்துவரிடமும் கூட்டம் இருக்கும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் சுற்றியவர்கள் நாவறட்சி, தலைசுற்றல், ஓயாமல் சிறுநீர் என்று வருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் குத்திப் பார்த்தால் 400ஐத் தாண்டி நிற்கிறது. வழியில் என்ன குடித்தீர்கள் என்று கேட்டால், "கடையில எதுவும் தொடலை டாக்டர், வீட்டுல காய்ச்சின எலுமிச்சை சர்பத்துதான்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் செய்தது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கைதான் இவர்களைத் தாமதமாக என்னிடம் அனுப்புகிறது.

ஒரு டம்ளரில் இருப்பது

ஒரு லிட்டர் எலுமிச்சைச் சாறு, ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு கிலோ சர்க்கரை. பாகு கெடாமல் இருக்கப் பல வீடுகளில் போடும் கணக்கு இது. அதில் 50 மில்லி ஊற்றிக் கலக்கினால் ஒரு டம்ளரில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு நாளுக்கே 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே பாகைப் பழக்கலவையிலும் ஐஸ்கிரீமிலும் ஊற்றும்போது யாரும் அளப்பதே இல்லை.

"நாட்டுச் சர்க்கரைதான் போட்டேன்"

வெல்லம், பனங்கற்கண்டு, தேன், நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நிறம் மாறினால் குணம் மாறாது. எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையை முறித்துவிடும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கையில் மனம் பதறுகிறது. புளிப்பு இனிப்பை நாக்கிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான்.

எலுமிச்சை குடித்தால் சிறுநீரகக் கல் கரையும் என்பது அடுத்த நம்பிக்கை. எலுமிச்சையின் சிட்ரேட் சிலவகைக் கற்கள் உருவாவதைக் குறைக்க உதவும்; இருக்கும் கல்லை உடைக்காது. இதில் சர்க்கரை சேர்ந்தால் சிறுநீரில் கால்சியம் கூடி, கிடைத்த நன்மையும் குறைந்துவிடலாம். காய்ச்சலோடு இடுப்பு வலி, சிறுநீர் அடைப்பு என்றால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் காத்திருக்காதீர்கள். பல நாள் சாறு குடித்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் சீழ் கட்டிய பிறகு வருகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை.

வயிற்றுப்போக்குக்கும் சர்பத்தையே கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் எனும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சர்பத்தில் சர்க்கரை ஏறத்தாழ பத்து மடங்கு. அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. அதற்கு மேல் வேண்டாம். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தராதீர்கள்.

மயங்கிக் கிடப்பவர் வாயில் எலுமிச்சைச் சாறு பிழிவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. நுரையீரலுக்குள் போய்விடும். நிழலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள்.

பரிசோதனை

நாவறட்சி, ஓயாத சிறுநீர் என்று வருபவர்கள் பார்க்க வேண்டியவை: ரத்த சர்க்கரை, சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின்.

செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்

பாகு காய்ச்சவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பித்தளையிலும் செம்பிலும் அலுமினியத்திலும் எலுமிச்சையை ஊற வைக்காதீர்கள்; புளிப்பு உலோகத்தைக் கரைக்கும், வாந்தி வரலாம். எவர்சில்வரில் காய்ச்சி, ஆறிய பின் சாறு சேர்த்து, கொதிநீரில் கழுவி ஈரம் போகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். சர்க்கரையைக் குறைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள். நுரைத்தாலோ பூசணம் படர்ந்தாலோ மேலாக வழித்துவிட்டுக் குடிக்காதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள்.

கிரிவலத்துக்கு வெறும் தண்ணீரும் உப்பு போட்ட நீர்மோரும் எடுத்துச் செல்லுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மோரில் உப்பைத் தவிருங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள்; அவசரத்துக்கு மட்டும் கொஞ்சம் சர்பத் கையில் வைத்திருங்கள். வியர்த்துக் கை நடுங்கினால் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். நினைவு தெளிவாக இருந்தால், அப்போது மட்டும் அந்த சர்பத் அரை டம்ளர் குடியுங்கள், தயங்காதீர்கள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நிற்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து ஆள் கூப்பிடுங்கள். கிரிவலப் பாதையில் அடுத்த லிங்கக் கோயில் வரை நடந்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.