மனநல ஆலோசகரிடம் முதன்முறை போகிறீர்களா? அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்?

ஆயர் ஈத்தாம் – இரவில் உறக்கமில்லை. வேலையில் மனம் நிற்கவில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிச்சல். மாதக்கணக்கில் இப்படித் தவித்த ஒருவர், துணிந்து தனியார் மனநல ஆலோசகரிடம் போகிறார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வருகிறார். கையில் மாத்திரை இல்லை. 'இப்படிச் செய்' என்ற அறிவுரையும் இல்லை. "சும்மா பேசுறதுக்கா இவ்வளவு காசு?" என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்.

முதல் சந்திப்பு எதற்கு என்று முன்பே தெரிந்தால் இப்படிப் பாதியில் நிற்க வேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளனர். 2019இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. ஆனாலும் ஜொகூரில் மனநலம் என்றதும் 1937இல் திறக்கப்பட்ட தம்போய் மருத்துவமனைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆலோசகரைப் பார்ப்பதும் மருத்துவமனையில் சேர்வதும் வேறு வேறு.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் பரிசோதித்து, பேச்சுவழிச் சிகிச்சை தருவார். ஆலோசகர் குடும்பம், வேலை, இழப்பு போன்ற சிக்கல்களைப் பேசித் தெளிய உதவுவார்.

ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று இருக்கும். இந்த பி.ஏ. பட்டப்படிப்பைக் குறிப்பதில்லை; தொழில் நடத்தும் சான்றிதழைக் குறிக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

முதல் நாள்

முதலில் ஒரு படிவமும் ஒப்புதல் கடிதமும் தருவார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியாவிட்டால், விளக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு கேள்விகள் வரும். உறக்கம், சாப்பாடு, வேலை, குடும்பம், மதுப்பழக்கம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பது வரை கேட்பார்கள். யாரிடமும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பயமின்றிச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் அன்றே கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. "இதைப் பிறகு பேசலாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீடு திரும்பியதும் மனம் இன்னும் கனமாக இருப்பது போலத் தோன்றலாம். பழைய புண்ணைத் தொட்டால் வலிப்பது போலத்தான் அது. பலருக்கு மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகுதான் பிடிபடத் தொடங்கும்.

தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால், முன்பதிவின்போதே தமிழ் பேசும் ஆலோசகரைக் கேளுங்கள். மொழிபெயர்க்கக் கணவரையோ பிள்ளையையோ உடன் வைத்துக்கொண்டால், அவர்களைப் பற்றிய மனக்குறையை எப்படிச் சொல்வது? பக்கத்தில் தமிழ் பேசுபவர் கிடைக்காவிட்டால் காணொளி வழியாகவும் சந்திக்கலாம். வீட்டில் தனிமை இல்லாதவர்கள் அந்த நேரத்திற்கு ஓர் இடத்தை முன்பே பார்த்து வைப்பது நல்லது.

ஊருக்குத் தெரிந்துவிடுமா?

ஆயர் ஈத்தாம் போன்ற சிறு பட்டணத்திலும் தோட்டத்திலும் பெரிய பயம் இதுதான். நீங்கள் சொல்வதை ஆலோசகர் வெளியில் சொல்லக்கூடாது. உங்கள் முதலாளிக்கோ மாமியாருக்கோகூட. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. இந்த எல்லைகளை முதல் நாளே விளக்க வேண்டும், விளக்காவிட்டால் கேளுங்கள். பசார் மாலாமில் உங்களைக் கண்டால், நீங்கள் முதலில் பேசாதவரை பல ஆலோசகர்கள் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் இரகசியத்தைக் காக்கவே அப்படிச் செய்கிறார்கள்.

செலவு

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு சந்திப்புக்கு 200 வெள்ளியைத் தாண்டுவதும் உண்டு. எவ்வளவு, எத்தனை நிமிடம், வர முடியாமல் போனால் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரி கட்டுவோர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனநலப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் ஆண்டுக்கு 1,000 வெள்ளி வரை கழிவு கோர 2022ஆம் வரி ஆண்டு முதல் வழியுண்டு.

அந்தப் பணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அங்கே மனநலச் சோதனை செய்து, தேவைப்பட்டால் அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். நேர்த்திக்கடனையோ கோயிலுக்குப் போவதையோ இதற்காக விட வேண்டியதில்லை. மருத்துவர் தந்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சில சந்திப்புகளுக்குப் பிறகும் ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள், வேறொருவரைப் பரிந்துரைப்பார். மதம் மாறச் சொல்வது, கடன் கேட்பது, அத்துமீறித் தொடுவது போன்றவை நடந்தால் உடனே வெளியேறி வாரியத்தில் புகார் செய்யுங்கள்.

காத்திருக்க முடியாத நிலையா? சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, தாலியான் காசே 15999. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.