யெல்லோநைஃப் – இக்காலுயிட்: தூரமும் பறக்கும் நேரமும்

கனடாவின் வடமேற்கு ஆட்புலங்களுக்குத் தலைநகரான யெல்லோநைஃபும், நுனாவுட் ஆட்புலத்தின் தலைநகரான இக்காலுயிட்டும் 1999 ஏப்ரல் 1 வரை ஒரே ஆட்சிப் பகுதிக்குள் அடங்கியிருந்தவை. எனினும் அவற்றை இணைக்கும் சாலை அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. யெல்லோநைஃபுக்குத் தெற்கிலிருந்து நெடுஞ்சாலை வருகிறது. பாஃபின் தீவிலுள்ள இக்காலுயிட்டுக்கோ வெளியிலிருந்து எந்தச் சாலையும் கிடையாது. கடற்பனி விலகும் கோடை மாதங்களில் மட்டுமே சரக்குக் கப்பல்கள் அங்கே வந்துசேரும். ஆகவே இவ்விரு நகரங்களுக்கு இடையிலான தூரம் நடைமுறையில் வான்வழித் தூரமே.

இரண்டும் ஏறத்தாழ 63 பாகை வட அட்சரேகையை ஒட்டி அமைந்தவை. தீர்க்கரேகையில் அவற்றின் இடைவெளி சுமார் 46 பாகை. நிலநடுக்கோட்டில் இத்தனை பாகை ஏறக்குறைய 5,100 கிலோமீட்டராக விரியும். துருவத்தை நோக்கித் தீர்க்கரேகைகள் நெருங்கிவருவதால் இங்கே அது 2,300 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அட்சரேகையைப் பற்றி நேர் கிழக்காகப் பறப்பதும் மிகக் குறுகிய வழியன்று. புவியின் மையத்தை மையமாகக் கொண்டு அதன் மேற்பரப்பில் வரையப்படும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். அந்த வட்டத்தின் வில் வடக்கே ஏறத்தாழ 65 பாகை வரை ஏறி இறங்கி, தூரத்தை 2,260 கிலோமீட்டராகக் குறைக்கிறது.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமுள்ள ஜெட் விமானம், மேலேறும் நேரத்தையும் தரையிறங்கும் நேரத்தையும் சேர்த்து, இத்தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் உயர்வானில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசுவதால் கிழக்குப் பயணம் விரைவாகவும் மேற்குப் பயணம் தாமதமாகவும் அமைகிறது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராக இருந்தால் இரண்டுக்கும் நாற்பது நிமிடங்களுக்கு மேல் வேறுபாடு வரும். கடிகாரம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. இக்காலுயிட்டின் நேரம் இரண்டு மணி முந்தியிருப்பதால், காலை 9 மணிக்கு யெல்லோநைஃபிலிருந்து புறப்பட்டு மூன்று மணி நேரம் பறந்தவர் பிற்பகல் 2 மணிக்கு இறங்குவார். அதே கால அளவில் திரும்புபவரோ 9 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்.

உண்மையில் பயண நேரத்தை நிர்ணயிப்பது இவ்வடிவியலைவிட வடபுலத்தின் மக்கள்தொகைக் குறைவே. இரு முனைகளிலும் பயணிகள் குறைவு என்பதால், இடைவழியில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள ராங்கின் இன்லெட்டில் இறங்கிச் செல்வது விமான நிறுவனங்களுக்கு இயல்பான ஏற்பாடு. இந்த நிறுத்தம் தூரத்தில் கூட்டுவது ஐம்பது கிலோமீட்டர் அளவே. ஆனால் இறங்கி, ஆளும் சரக்கும் மாற்றி, எரிபொருள் நிரப்பி, மீண்டும் மேலேறுவதற்கு ஒரு மணி நேரமேனும் கழியும். சேருமிடத்தில் பனிப்புயல் மறித்தால் வேறோர் ஓடுதளத்தை அடையுமளவு எரிபொருளும் விமானத்தில் இருந்தாக வேண்டும். இக்காலுயிட்டுக்குத் தெற்கே அவ்வாறு உதவக்கூடிய கூச்சுவாக் 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அந்த எரிபொருளின் எடையை ஈடுகட்ட ஏற்றும் சரக்கைக் குறைக்கவும் நேரிடும். முன்பகுதியில் சரக்கையும் பின்பகுதியில் பயணிகளையும் ஏற்றும் கலப்பு விமானங்கள் வடபுலத்தில் நெடுங்காலம் பயன்பட்டதற்குக் காரணம், மருந்தும் காய்கறியும் ஆட்களும் ஒரே பயணத்தில் போய்ச் சேரவேண்டிய இந்த நிலைமையே.

கிழக்கு–மேற்குச் சேவை இல்லாத நாளில் எட்மண்டன், ஒட்டாவா வழியாகத் தெற்கே இறங்கிச் சுற்ற நேர்ந்தால், 2,260 கிலோமீட்டர் பயணம் 6,000 கிலோமீட்டரை நெருங்கிவிடும்.