நாலு பலகையும் ஒரு படமும்
வீட்டுக்கு வேண்டிய வாங்கை நாமே செய்து கொள்ளலாம்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது பாயும் பானையும் பிள்ளைகளின் கொப்பிகளும்தான். மேசை கதிரையை யார் தூக்குவது? 2009இல் வன்னியிலிருந்து மெனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலரிடம் அந்தப் பாயும் இருக்கவில்லை. பின்னர் ஊர் திரும்பியவர்கள் கண்டதென்ன? வீடு நின்றாலும் கதவு நிலை இல்லை, யன்னல் நிலை இல்லை, கூரையில் தீராந்தி இல்லை. மரமாக இருந்ததெல்லாம் போய்விட்டது.

2012ஆம் ஆண்டுக்குப் பிறகு பல குடும்பங்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது. சுவரும் கூரையும் வந்தன. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பிளாஸ்ரிக் கதிரை இரண்டு, ஒரு மூலையில் சாக்கு மூட்டை, சீமெந்து நிலத்தில் குப்புறப் படுத்து எழுதும் பிள்ளை. மேசை இல்லாத வீடுகளுக்குத் தவணைக் கடன்காரர் வருவார்கள். அலுமாரியும் கதிரை செற்றும் வாசலில் இறங்கும். நெல் வெட்டுச் சரிவராத வருடத்தில் அந்தத் தவணையைக் கட்ட நகை அடைவுக்குப் போகும். இப்படி நடந்த வீடுகளை நாம் அறிவோம். நீங்களும் அறிவீர்கள்.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருக்கும் குடும்பங்களிடம் வேறொரு தயக்கம் உண்டு. "நாளைக்கு எழும்பிப் போ என்றால் இதையெல்லாம் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாளைக்காக இருபது முப்பது வருடம் நிலத்தில் குந்தியிருந்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். வாங்கை விட்டுவிட்டுப் போக நேரலாம். அதைச் செய்த கையும், கொப்பியில் மடித்து வைத்த ஒரு படமும் கூடவே வரும். ஆகவே இந்த இதழில் அந்தப் படத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

படத்தைப் பார்த்துத் தளபாடம் செய்வதென்றால் அது தச்சுத்தொழில் படித்தவருக்கு உரியது என்று நாம் நினைக்கிறோம். இத்தாலி நாட்டில் என்சோ மாரி என்றொரு பெயர்பெற்ற வடிவமைப்பாளர் இருந்தார் (1932–2020). பெரிய கொம்பனிகளுக்காகத் தளபாடங்கள் வரைந்தவர். 1974இல் அவர் ஒரு புதுமை செய்தார். மேசை, கதிரை, வாங்கு, கட்டில், புத்தகத் தட்டு என்று 19 பொருட்களுக்குப் படம் வரைந்தார். சாதாரண மரக்காலைப் பலகை, ஆணி, சுத்தியல், வாள் ஆகியவை போதும். துளை போட்டு நாக்கு இறுக்கும் நுட்பமான வேலை எதுவும் இல்லை. தபாற் செலவை மட்டும் அனுப்பியவர்களுக்கு அந்தப் படங்களை இலவசமாகக் கொடுத்தார். தளபாடத்தை மலிவாக்குவது மாத்திரம் அவருடைய நோக்கமல்ல. ஒரு மேசையைத் தன் கையால் செய்தவன், அடுத்த முறை கடையில் ஒன்றைக் காணும்போது அது நல்லதா கெட்டதா என்று தானே தீர்மானிப்பான் என்பது அவருடைய எண்ணம்.

இதன் தொடர்ச்சிதான் எம்மைக் கூடுதலாகத் தொட்டது. ஏறக்குறைய நாற்பது வருடங்களுக்குப் பின், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து லம்பெடூசா தீவில் இறங்கிய இளைஞர் சிலர் ஜேர்மனியில் பேர்ளின் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாதவர்கள். அங்கே 'குக்குலா' என்ற பட்டறையில் மாரியின் படங்களை வைத்துக்கொண்டு கதிரையும் மேசையும் செய்யப் பழகினார்கள். அந்தப் படங்களின்படி செய்து விற்க மாரியும் அவர்களுக்கு அனுமதி கொடுத்தார். அகதிகள் வந்த படகின் பலகைத் துண்டுகளும் சில கதிரைகளில் சேர்க்கப்பட்டன. எந்தப் பலகையையும் வீணென்று எறியாத எமது சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி எமது வாங்குக்கு வருவோம். மாரியின் படமல்ல இது. எமது பக்கத்துப் பலகைக்கு ஏற்றபடி நாம் வரைந்தது. மூன்று பெரியவர்கள் இருக்கலாம், பிள்ளைகள் என்றால் நாலு பேர். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகையில் ஐந்து துண்டுகள் மட்டும் வேண்டும். இருக்கைப் பலகை ஒன்று: நீளம் 48 அங்குலம், அகலம் 11 அங்குலம். கால்பலகை இரண்டு: ஒவ்வொன்றும் உயரம் 16 அங்குலம், அகலம் 8 அங்குலம். பக்கச்சட்டம் இரண்டு: ஒவ்வொன்றும் நீளம் 40 அங்குலம், அகலம் 4 அங்குலம். இரண்டரை அங்குல ஆணி 20 போதும். இரண்டு மூன்று வளையும், ஆகவே 24 வாங்குங்கள்.

பிள்ளையின் சதுர றூள் கொப்பியில் ஒரு தாளை எடுங்கள். ஒரு சதுரத்தை 2 அங்குலமாக வைத்து மூன்று படம் வரையுங்கள். மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்றையும் வரைய வேண்டும். பக்கப் படத்தில் ஒரு விடயம் தெரியும். கால்பலகை 8 அங்குலம், அதன் இரு விளிம்பிலும் பக்கச்சட்டம் ஒவ்வோர் அங்குலம், ஆக 10 அங்குலம். இருக்கைப் பலகை 11 என்பதால் இரு பக்கமும் அரை அங்குலம் வெளியே நிற்கும். இந்த அரை அங்குலம் அழகுக்கல்ல. அது இல்லாவிட்டால் மேலிருந்து அடிக்கும் ஆணி பலகையின் ஓரத்தைப் பிளந்துவிடும்.

மூன்று படத்தையும் வரையுங்கள் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நாம் ஒரு படிப்பு மேசை செய்தபோது முன்பக்கப் படத்தை மாத்திரம் வரைந்தோம். மேசை உயரம் 29 அங்குலம், வாங்கு 17 அங்குலம். கையில் 6 அங்குலப் பலகை இருந்தபடியால் அதையே பக்கச்சட்டமாக அடித்தோம். வேலை முடிந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை இருத்தினோம். தொடை உள்ளே போகவில்லை! மேற்பலகை ஓர் அங்குலம், சட்டம் 6 அங்குலம் கழித்தால் மிச்சம் 22. வாங்குக்கும் சட்டத்துக்கும் இடையில் 5 அங்குலம்தான். ஆணிகளைக் கழற்றிச் சட்டத்தை 4 அங்குலமாகக் கீறி மறுபடியும் அடித்தோம். 7 அங்குல இடைவெளி வந்த பின்தான் பிள்ளை இருந்து எழுதியது. கழற்றிய ஆணித் துளைகள் அந்த மேசையில் இன்னும் இருக்கின்றன. படத்தில் அழிறப்பரால் அழித்திருக்க வேண்டியதை மரத்தில் அழிக்க ஒரு பின்னேரம் போனது.

பிள்ளைகளுக்கு அளவெடுக்கும்போது எமது அங்குலங்களை அப்படியே எடுக்க வேண்டாம். பிள்ளையை நிற்க விட்டு, முழங்காலின் பின்மடிப்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அதுவே இருக்கையின் உயரம். பிறகு அந்த உயரத்தில் ஒரு பெட்டியின் மேல் இருத்தி, கையை மடித்தால் முழங்கை எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதற்கு ஓர் அங்குலம் மேலே மேசை வரவேண்டும். கால் தொங்கினாலும் தோள் உயர்ந்தாலும் பிள்ளை அரை மணித்தியாலத்துக்கு மேல் இராது.

மரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. வேம்பு எமது பக்கத்தில் கிடைக்கும் நல்ல மரம், பூச்சி எளிதில் தொடாது. முதிரையும் பாலையும் பலம்தான். ஆனால் ஆணி இறங்காது, புதிதாக வாள் பிடிப்பவருக்கு அவை வேண்டாம். பனையிலும் தென்னையிலும் வெளிப்பக்க வைரத்தை மட்டும் எடுங்கள், உட்சோறு சீக்கிரம் உக்கிவிடும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது. மரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றவும் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். சாமான் இறக்கும் தட்டுப் பலகைகளும் சில இடங்களில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் எச்.ரி. என்ற ஆங்கில எழுத்துக்கள் குத்தியிருந்தால் சூடாக்கிப் பதப்படுத்தியது, பாவிக்கலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுப் புகை போட்டது, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சண்டை நடந்த பகுதிகளில் நின்ற மரங்களுக்குள் செல் துண்டும் சன்னமும் புதைந்திருக்கின்றன. மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். ஆலையில் வாள் அதில் பட்டால் பல்லுடைந்து தெறிக்கும், ஆளையும் காயப்படுத்தும். மரத்தில் பழைய தழும்பு, வீக்கம், வெட்டு முகத்தில் நீலங்கறுப்பான கறை ஆகியவற்றைக் கண்டால் அது உள்ளே இரும்பு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அறுப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மரத்தின் விலை குறையும் என்று மறைப்பவர்கள் உண்டு. வாள் பிடிப்பவனும் எம்மைப்போல் பிள்ளைகுட்டிக்காரன்.

பச்சைப் பலகையில் வேலை செய்ய அவசரப்படாதீர்கள். நிழலில், நிலத்திலிருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்து அடுக்குங்கள். காற்றுப் போய்வர வேண்டும். பலகை காயும்போது நீளத்தில் குறையாது என்றே சொல்லலாம், அகலத்தில்தான் சுருங்கும். பச்சையாக அடித்த 11 அங்குலப் பலகை, ஆணி விடாமல் பிடிப்பதால் சுருங்க இடமின்றி நடுவே வெடிக்கும்.

அளவு குறிப்பதற்கு முன் ஒரு நேரான தடியில் 48, 40, 16, 11, 8, 4 என்ற அளவுகளைக் கீறி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் நாடாவை விரித்தால் எங்காவது ஓர் அங்குலம் பிழைக்கும், தடி பிழைக்காது. வாளும் கொஞ்ச மரம் தின்னும். ஆகவே 16 அங்குலத் துண்டு இரண்டுக்கு 32 அங்குலப் பலகை காணாது, 3 அடியாக எடுங்கள். 40 அங்குலச் சட்டம் இரண்டுக்கு 7 அடி வேண்டும். கோட்டின் மேல் வெட்டாமல் கோட்டுக்கு வெளியே வெட்டுங்கள்.

மூலை மட்டம் இல்லையென்று நிற்க வேண்டாம். வீட்டுக்கு அத்திவாரக் கயிறு பிடிக்கும்போது 3 அடி, 4 அடி, குறுக்கே 5 அடி என்று பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததே. இங்கே 12 அங்குலம், 16 அங்குலம், குறுக்கே 20 அங்குலம் வந்தால் மூலை சரி.

ஆணி அடிக்கும் இடம்தான் வாங்கின் உயிர். பலகையின் வெட்டு முனையில், அதாவது நார் அறுபட்டுத் தெரியும் இடத்தில், ஆணி பலமாகப் பிடிக்காது. நார் ஓடும் விளிம்பில் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் இருக்கைப் பலகையைக் கால்பலகையின் தலையில் அடிக்காமல் பக்கச்சட்டத்தின் விளிம்பில் அடிக்கிறோம். முதலில் கால்பலகை இரண்டையும் பக்கவாட்டில் நிறுத்தி, சட்டத்தின் இரு முனையும் கால்பலகைகளின் வெளிமுகத்தோடு ஒட்டி வரும்படி பிடித்து, மேல் விளிம்புகளைச் சமப்படுத்தி, ஒவ்வொரு சந்திக்கும் 3 ஆணி அடியுங்கள். மூன்றையும் ஒரே கோட்டில் அடித்தால் நார் வழியே பிளக்கும், சிறிது விலக்கி அடியுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. ஆணி முழுவதும் இறங்குமுன் மூலைக்கு மூலை குறுக்கே இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும். பிறகு இருக்கைப் பலகையை இரு முனையிலும் 4 அங்குலம் வெளியே நிற்கும்படி வைத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் 4 ஆணி. வைரமான மரமென்றால் ஆணியை விட மெல்லிய துளை முதலில் போடுங்கள்.

11 அங்குலப் பலகை அகப்படாவிட்டால் ஐந்தரை அங்குலப் பலகை இரண்டைச் சேர்த்துப் போடலாம். அப்போது நடுவில் கீழ்ப்பக்கமாக ஒரு குறுக்குக் கட்டை அடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனியே ஆடும்.

கூர்மையான விளிம்புகளை அரத்தாளால் மழுக்குங்கள். மண் நிலமென்றால் கால்பலகையின் கீழ் விளிம்புக்குக் கழிவு எண்ணெய் பூசி, அடியில் தட்டைக் கல்லோ அரைச் செங்கல்லோ வையுங்கள். கறையான் ஏறினால் மண்கோடு கல்லில் தெரியும், தட்டிவிடலாம். சாப்பிடும் மேசையில் அந்த எண்ணெயைப் பூசக்கூடாது. கறி கொட்டினால் நன்றாகத் துடைத்து வெயிலில் வைத்தாலே போதும்.

முதல் மாரி முடிந்ததும் வாங்கைக் கவிழ்த்துப் பாருங்கள். பலகை ஊறிக் காய்ந்ததில் ஆணித் தலைகள் சிறிது வெளியே வந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கிவிட்டு நிமிர்த்தி வையுங்கள்.