எருக்கஞ்செடியில் ஒரு பாடம்: புரட்டாசியில் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்

பாடநூல்களில் வரும் இலையுதிர் காலம் நம் ஊர்களில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளிலும் நனைகிறது. எனவே புரட்டாசி இங்கே துளிர்க்கும் காலம். கிரிவலப் பாதையின் மேற்கே அமைந்த அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் வேலியோரச் செடிகள் தளிர்விடும். தளிரைத் தேடி வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வரும். முட்டை பூச்சியாக மாற ஏறக்குறைய மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஒரு பருவத்திற்குள் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் மாணவர்கள் கண்ணால் காணலாம்.

எது வண்ணத்துப்பூச்சி, எது அந்துப்பூச்சி?

பகலில் பறப்பது வண்ணத்துப்பூச்சி, இரவில் பறப்பது அந்துப்பூச்சி என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு. உணர்கொம்பைப் பார்ப்பதே நல்ல வழி. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனி தீக்குச்சித் தலைபோலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கு அது இழை போலவோ இறகு போலவோ இருக்கும்.

செடியிலிருந்து தொடங்குவோம்

பறக்கும் பூச்சியைத் துரத்துவதைவிட அதன் உணவுச்செடி அருகே காத்திருப்பது எளிது.

எருக்கு: வெந்தய வரியன். மஞ்சள், கறுப்பு, வெள்ளை வளையங்கள் கொண்ட புழுவின் உடலில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள் இருக்கும்.

எலுமிச்சை, கறிவேப்பிலை: எலுமிச்சை அழகி. இளம்புழு பறவை எச்சம் போலத் தோன்றும், வளர்ந்தபின் பச்சையாகும்.

சரக்கொன்றை: கொன்னை வெள்ளையன்.

ஆடுதின்னாப்பாளை: ரோஜா அழகி.

அரளி: இதில் இருவகைப் புழுக்கள் கிடைக்கலாம். நான்கு இணைக் கொம்புகள் இருந்தால் அது வெண்புள்ளிக் கருப்பன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. வாலில் ஒரே கொம்பும் தலைப்பக்கம் நீலக் கண் போன்ற இரு புள்ளிகளும் இருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு.

எருக்கம்பாலின் நஞ்சு வெந்தய வரியனின் உடலில் சேர்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண் பூச்சி அதே உருவத்தில் வந்து தப்பிக்கிறது. வெந்தய வரியனின் பின்சிறகு நடுவே மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். போலிக்கு மேல் விளிம்பருகே ஒன்றுதான். உயர்நிலை வகுப்பில் தகவமைப்பை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எப்படிப் பதிவு செய்வது?

வெயில் உள்ள நாளில் காலை ஒன்பது முதல் பதினொரு மணிக்குள், ஒரே பாதையில் இருபது நிமிடங்கள் நடக்கச் செய்யுங்கள். தேதி, வானிலை, செடி, பூச்சி, எண்ணிக்கை ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். தொடக்கநிலை மாணவர்கள் நிறத்தை வைத்து எண்ணட்டும். மேல்வகுப்பினர் வாரவாரம் வரைபடம் தயாரிக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நீல வரியன், கருநீல வரியன் போன்றவை கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்கு நோக்கிக் கூட்டமாக இடம்பெயரும். அந்நாள்களில் பறக்கும் திசையையும் குறிக்கலாம்.

அந்துப்பூச்சிகளுக்கு, இரவில் விளக்கெரியும் சுவர்களை முதல் மணி அடிக்கும் முன் பார்த்தால் போதும். முழுநிலவு நாளில் விளக்கிற்கு வரும் பூச்சிகள் குறைவு. கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமியை விட்டு அமாவாசையை ஒட்டித் தேடுங்கள். நிலக்கடலை பயிரிடும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவைத் தெரிந்திருக்கும். அதன் தாய்ப்பூச்சியை விளக்குப்பொறி வைத்துப் பிடிப்பதையும் அவர்களே வகுப்பில் சொல்லட்டும்.

கவனிக்க வேண்டியவை

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். இலையைக் கிள்ள விடாதீர்கள். மயிருள்ள புழுக்களைத் தொடக்கூடாது. பூச்சிகளைப் பிடிக்கவும் வேண்டாம்.

2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது. நம் மாணவர்கள் அதைப் படத்தில்தான் பார்ப்பார்கள். வெந்தய வரியனோ பள்ளிச் சுவரோரமே வாழ்கிறது. ஆனால் வளாகத்தைத் தூய்மை செய்யும்போது முதலில் பிடுங்கப்படுவது எருக்கும் ஆடுதின்னாப்பாளையும்தான். ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகள் இல்லையேல் ரோஜா அழகிக்கு முட்டையிட இடமில்லை. குழந்தைகள் ஓடியாடும் இடத்தை விட்டு ஒரு மூலையில் இச்செடிகளை விட்டுவைத்து, பெயர்ப்பலகை ஒன்றை மாணவர்களையே எழுதி நடச் சொல்லுங்கள். அடுத்த புரட்டாசிக்கும் பாடம் அங்கேயே காத்திருக்கும்.