பத்து விரலோட திரும்பி வாங்க பாஸ்!

2024 செப்டம்பர். எவரெஸ்ட்டின் வடக்குப் பக்கம், மத்திய ரோங்புக் பனியாறு. உருகிக்கொண்டிருந்த பனிக்குள்ளிருந்து ஒரு பழைய தோல் பூட்ஸ் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு கால். சாக்ஸில் தைத்திருந்த பெயர் - 'ஏ.சி. இர்வின்'. 1924-ல் மல்லோரியோடு உச்சியை நோக்கிப் போய், திரும்பாமலே போன ஆண்ட்ரூ இர்வினேதான்! ஆக்ஸ்ஃபோர்டு மாணவர். அப்போ வயசு 22. நம்ம செட்டு!

அந்த பூட்ஸின் அடியைப் பார்த்தால் இரும்பு ஆணிகள். பனியில் வழுக்காமல் இருக்க அன்னிக்கு அதான் டெக்னிக். ஆனா, தோலைவிட இரும்பு நூறு மடங்குக்கும் மேலே வேகமா சூட்டைக் கடத்தும். வழுக்காமல் காப்பாற்றின அதே ஆணி, காலோட சூட்டையும் பனிக்குத் தாரை வார்த்துடும்!

இதுக்கு விடை கிடைக்க இன்னும் சில உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு பேர் இறந்துபோனாங்க. அவங்க நண்பர் விட்டாலே பிரமானி. 'பாறையிலயும் பிடிக்கணும், பனியிலயும் பிடிக்கணும், குளிரும் ஏறக்கூடாது'ன்னு யோசிச்சு, 1937-ல் கட்டை கட்டையா பல் வெச்ச ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரைச் சுருக்கினா... 'விப்ரம்'! 1954-ல் கே2 உச்சியை முதன்முதலா தொட்ட இத்தாலி டீமின் காலில் இருந்ததும் இதுதான்.

சரி, டார்ஜிலிங், உத்தரகாசின்னு மலையேற்றப் பயிற்சிக்குக் கிளம்பும் நண்பர்களே... உங்க காலுக்கு எது?

வளையுமா, வளையாதா?

ட்ரெக்கிங் ஷூ நடக்கும்போது வளையணும். ஐஸ் கிளைம்பிங் பூட்ஸ் வளையவே கூடாது. ஏன்? பனிச்சுவரில் க்ராம்பானின் முன்பல் ரெண்டு மட்டும்தான் உள்ளே குத்தி நிற்கும். குதிகால் அந்தரத்தில்! மெக்கானிகல் பசங்களுக்குச் சட்டுனு புரியும், அது ஒரு கேன்டிலீவர் பீம். சோல் வளைஞ்சா, அந்த லோடு முழுக்க உங்க கெண்டைக்கால் தலையில் விடியும். பத்தே நிமிஷத்தில் கால் தையல் மெஷின் மாதிரி தடதடன்னு ஆட ஆரம்பிச்சுடும்.

இதை வெச்சுத்தான் பூட்ஸுக்கு கிரேடு. பி1 கொஞ்சம் வளையும். சுலபமான பனிச்சரிவுக்கு ஓ.கே. பி2 லேசாத்தான் வளையும். பனிமலைகளுக்கு ஏற்ற ஆல்ரவுண்டர். பி3 சுத்தமா வளையாது, செங்குத்து ஐஸுக்கு. க்ராம்பானுக்கும் இதே மாதிரி சி1, சி2, சி3 உண்டு. ரூல் சிம்பிள்: பூட்ஸ் நம்பரைவிட க்ராம்பான் நம்பர் பெருசா இருக்கக் கூடாது. பி1-ல் சி3-ஐ மாட்டினா, சரிவுக்கு நடுவில் கழண்டு கையில் வந்துடும்!

ரொம்ப உயரம், ரொம்பக் குளிர்னா டபுள் பூட்ஸ். வெளியே ஓடு, உள்ளே தனியா கழற்றக்கூடிய லைனர். ராத்திரி லைனரை மட்டும் உருவி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளே வெச்சுக்கலாம். காலையில் ஈரம் இருக்காது, இதமா இருக்கும்.

கடைக்குப் போனா...

சாயங்காலமா போங்க. நாள் பூரா நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான். எந்த சாக்ஸோட ஏறப் போறீங்களோ, அதையே போட்டுப் பாருங்க. லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினா, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு விரல் நுழையணும். லேஸ் கட்டினதும் குதிகால் மேலே எழும்பவே கூடாது. எழும்பினா கொப்புளம் கியாரண்டி. அப்புறம், சரிவான பலகையில் இறங்கிப் பாருங்க. கட்டைவிரல் முன்னால் போய் இடிச்சா, எவ்வளவு டிஸ்கவுண்ட் கொடுத்தாலும் 'நன்றி, வணக்கம்' சொல்லிட்டு வந்துடுங்க. செருப்புலயே வளர்ந்த காலுக்கு முன்பக்கம் அகலமா இருந்தா, பெரிய சைஸ் தீர்வில்லை. அகலமான மாடல்தான் தீர்வு.

வாடகை பூட்ஸா? உஷார்!

பயிற்சி நிறுவனங்களிலும் மலையடிவார வாடகைக் கடைகளிலும் பூட்ஸ் கிடைக்கும். பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. பாலியூரிதேன் நடு சோல், சும்மா அலமாரியில் இருந்தாலே ஈரக்காற்றில் உள்ளுக்குள் உளுத்துப் போகும். ஏறும்போது திடீர்னு சோல் தனியா பெயரும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்க. விரிசல் தெரிஞ்சாலோ, பொடிஞ்சாலோ வேற ஜோடி கேளுங்க. பழைய பிளாஸ்டிக் ஓடும் குளிரில் டப்புனு விரியலாம்.

கடைசியா ஒண்ணு. 1950-ல் அன்னபூர்ணா உச்சியைத் தொட்ட ஹெர்சாக், லாஷெனால் ரெண்டு பேருமே திரும்பி வந்தபோது பனிக்கடியில் கால்விரல்கள் அத்தனையும் போச்சு. பூட்ஸ் இறுக்கமா இருந்தாலே ரத்த ஓட்டம் குறையும். 'குளிருதே'ன்னு ரெண்டு சாக்ஸைத் திணிச்சா குளிர் இன்னும் ஏறத்தான் செய்யும். வலிக்கும்போதே உஷாராகணும். வலி நின்னு, விரல் மரத்துப் போச்சுன்னா அதுதான் அபாய மணி. அந்த நிமிஷமே டீம் லீடர்கிட்ட சொல்லுங்க, கூச்சப்படாமல் கீழே இறங்குங்க.

சிகரம் எங்கேயும் ஓடிப் போகாது. விரல் போனா வராது!