எழும்பாத சிலைகள்

கன்னியாகுமரி வள்ளுவர் சிலைக்கு எங்கள் தாமிரபரணிப் பக்கத்துக் கல்லும் போயிருக்கிறது, அம்பாசமுத்திரத்திலிருந்து. பார்க்கப் போகிறவர்கள் 133 அடி என்று அண்ணாந்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அடிக்கல் நாட்டியது 1979-ல். வேலை சூடுபிடித்தது 1990-ல். திறந்தது 2000 ஜனவரி 1. நடுவில் ஒரு மாமாங்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கணபதி ஸ்தபதியின் வள்ளுவர் வெறும் திட்டமாகவே கிடந்தார். அரசு மறுபடி கையிலெடுக்காமல் விட்டிருந்தால் பாறையில் அடிக்கல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஆழ்வார்திருநகரியில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சிற்பிகள் செய்து முடித்ததைவிட, செய்ய முடியாமல் போனதைத் தேடிப் படிப்பதில்தான் எனக்கு ருசி. கைத்திறன் போதாமல் நின்றுபோன வேலை அபூர்வம். எங்கள் ஆதிநாதர் கோயிலில் கல்லிலேயே செய்த நாகஸ்வரம் இருக்கிறது. கல்லில் குழல் குடைந்தவனுக்கு வேறு எது வராது? வேலை நிற்பது பணம் தருகிறவரிடத்தில், இடம் தருகிறவரிடத்தில்.

அனீஷ் கபூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-ல் மும்பையில் பிறந்தவர், இன்றைய சிற்பிகளில் முதல் வரிசை. 2008-ல் இங்கிலாந்தின் வடகிழக்கே, டீஸ் ஆற்றுப் பகுதியில் ஐந்து ஊர்களுக்கு ஐந்து ராட்சதச் சிற்பங்கள் என்று அறிவித்தார்கள். கூடச் சேர்ந்த பொறியாளர் செசில் பால்மண்ட், கொழும்பில் பிறந்தவர். 2010-ல் மிடில்ஸ்பரோவில் முதலாவது வந்தது. பெயர் 'டெமினோஸ்'. இரண்டு பெரிய இரும்பு வளையங்கள், நடுவே இழுத்துக் கட்டிய கம்பிவலை, 110 மீட்டர் நீளம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் மீன்வலையை விரித்துப் பிடித்த மாதிரி இருக்கும். ஸ்டாக்டன், ஹார்ட்டில்பூல், டார்லிங்டன், ரெட்கார் ஆகிய மற்ற நான்கு ஊர்களிலும் ஒரு கம்பிகூட நடவில்லை. இத்தனை பேர் வாங்கியவருக்கே இந்தக் கதி!

இந்தூர் கதை இன்னும் வருத்தம். 1930-களில் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர், பாரிஸிலிருந்த ருமேனியச் சிற்பி பிரான்குசியிடம் தியானக் கோயில் ஒன்று கேட்டார். பூமிக்கடியில் நுழைவழி, உள்ளே தண்ணீர்த் தடாகம், அதையொட்டி அவருடைய பறவைச் சிற்பங்கள் மூன்று, கூரைத் துவாரம் வழியாக வெண்கலப் பறவைமேல் விழும் வெயில். திட்டம் இதுதான். வெண்கலம், வெள்ளைப் பளிங்கு, கறுப்புப் பளிங்கு என்று பறவைகளை மகாராஜா வாங்கியும்விட்டார். 1937-ல் மகாராணி இறந்துபோனார். அந்த வருஷக் கடைசியில் பிரான்குசி இந்தியாவுக்கே கிளம்பி வந்தார். வந்து என்ன? கோயில் எழும்பவில்லை. பளிங்குப் பறவைகள் இரண்டும் இப்போது ஆஸ்திரேலியாவில், கான்பெரா தேசியக் கலைக்கூடத்தில்.

இவற்றையெல்லாம் நாம் படத்தில்தான் பார்க்க முடியும். நின்றுபோன வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டுமென்றால் கழுகுமலைக்குப் போங்கள். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் பாதை. அங்கே வெட்டுவான் கோயில், 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்த முறையில் சாரம் கட்டும் செலவு மிச்சம். ஆனால் ஒரு மூக்கு உடைந்தால் மாற்றுக்கல் வைக்க வழியில்லை. தகப்பன் சிற்பி மகனைக் கொன்றதால் வேலை நின்றது என்று அங்கே கதை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. என் சந்தேகமெல்லாம் பாண்டியன் கஜானா மேல்தான்.

தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசித்துக்கொண்டிருக்கிறார். வேறெங்கும் சுலபத்தில் காணக்கிடைக்காத கோலம். அவரைப் பார்த்துவிட்டு அப்படியே கண்ணைக் கீழே இறக்குங்கள். மேலே நகைநட்டுவரை முடிந்த வேலை, கீழே போகப்போக உளி வெட்டிய மொட்டைப் பாறை. எதை முதலில் செதுக்கினார்கள், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள் என்பது, பூர்த்தியான எந்தக் கோயிலிலும் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. காலையிலேயே போய்விடுங்கள். உச்சிவெயிலில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது.